மொரிஸ் மைனர் பிக்கப்: பழைய எஞ்சினா, 1275ஆ, ஜப்பான் எஞ்சினா?

மொரிஸ் மைனர் பிக்கப் ஒன்றை வீட்டு முற்றத்தில் வைத்துத் திருத்த இறங்குகிறவர்களுக்கு முதலில் வருகிற கேள்வி எஞ்சினைப் பற்றியது. இருக்கிறதையே போர் அடித்து, அதாவது தேய்ந்த சிலின்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கி, புதுப்பிப்பதா? அதே குடும்பத்துப் பெரிய 1275 சீசீ எஞ்சின் ஒன்று தேடிப் போடுவதா? கழித்த வான் ஒன்றிலிருந்து ஜப்பான் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் சேர்த்து இறக்குவதா? மூன்று விதமாகவும் திருத்திய மைனர்கள் இலங்கை வீதிகளில் ஓடுகின்றன. ஆனால் இவற்றை வெறும் விலையால் ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும். கியர்பொக்ஸ் எதைத் தாங்கும், பிறேக் எதை நிறுத்தும், சேஸிஸின் குறுக்குச் சட்டத்தில் எதற்கு இடமிருக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலான வண்டிகளுக்கு விடை ஒன்றுதான்: 1098 சீசீ எஞ்சின், அதற்கே உரிய கியர்பொக்ஸுடன்.

முதலில் வண்டியில் என்ன இருக்கிறது என்று தெரியவேண்டும். மைனர் வானும் பிக்கப்பும் 1953இல் வந்தன. அப்போது 803 சீசீ, 30 குதிரைவலு. 1956இல் 948 சீசீ, 37 குதிரைவலு. 1962இல் 1098 சீசீ, 48 குதிரைவலு. மூன்றும் பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷனின் (பீ.எம்.சீ.) ஏ-சீரிஸ் குடும்பத்தின் எஞ்சின்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள ஆண்டை வைத்து முடிவு கட்டவேண்டாம். இத்தனை வருடங்களில் எத்தனையோ வண்டிகளுக்கு எஞ்சின் மாறிவிட்டது. டைனமோவுக்கு மேலே பிளாக்கில் அறைந்திருக்கும் தகட்டின் எண் 10 என்று தொடங்கினால் 1098. 9 என்று தொடங்கினால் 948. பிறகு வண்டிக்கு அடியில் போய்க் கியர்பொக்ஸ் எஞ்சினோடு சேரும் மணி வடிவக் கூட்டை (பெல் ஹவுசிங்) தடவிப் பாருங்கள். வெளிப்புறத்தில் வரிவரியாக மேடுகள் இருந்தால் அது 1098 காலத்துக் கியர்பொக்ஸ். வழவழவென்று இருந்தால் அதற்கு முந்தியது, பலம் குறைந்தது. இந்த ஒரு தடவலில் தெரிவது பின்னால் நிறையப் பணத்தை மிச்சப்படுத்தும்.

எஞ்சினில் கைவைப்பதற்கு முன் சேஸிஸ். மைனர் காரின் உடம்பு தன்னைத்தானே தாங்குவது. பிக்கப்பும் வானும் அப்படியல்ல. தனிச் சேஸிஸில் கபினும், சாமான் ஏற்றும் பின்தட்டும் போல்ற்றால் ஏற்றியவை. வீட்டில் வேலை செய்கிறவருக்கு இது பெரிய வசதி. பின்தட்டைக் கழற்றி நாலு பேர் தூக்கி வைத்துவிட்டால் சேஸிஸின் பின்பாதி முழுவதும் கண்ணுக்கும் கைக்கும் எட்டும். பின் ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், ஆக்சிலுக்கு மேலே சேஸிஸ் வளைந்து ஏறும் இடம், கபினுக்கு நேர்பின்னால் சேறு தேங்கும் மூலை, நடுக் குறுக்குச் சட்டத்தின் இரண்டு முனைகள் ஆகியவற்றைச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உக்கிய இடம் மந்தமாகக் கேட்கும். மந்தமான இடத்தில் ஸ்குரூ டிரைவரைக் குத்தி அழுத்துங்கள். உள்ளே போனால் அந்த இடத்தில் ஒட்டுப் போடுவதில் பயனில்லை. நல்ல இரும்பு வரும்வரை வெட்டிவிட்டு 2 மில்லிமீற்றர் தகடு வைத்துச் சுற்றிவரத் தொடர்ச்சியாக வெல்ட் செய்யவேண்டும். கபின் தரைக்கு 1.2 மில்லிமீற்றர் போதும். கபினை இறக்கிவைத்து வெல்ட் செய்வதானால் கதவுகளை மாட்டியே வையுங்கள், அல்லது கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் ஒன்றைப் பொட்டு வெல்ட்டில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் வாசல் திறந்துகொள்ளும். பெயின்ற் அடித்த பிறகுதான் கதவு மூடவில்லை என்று தெரியவரும்.

சேஸிஸ் தேறியது என்று வைத்துக்கொண்டு தெரிவுகளுக்கு வருவோம்.

இருக்கிற எஞ்சினைப் புதுப்பித்தல்

பிளாக் வெடிக்காமல் இருந்தால் இதைவிட நேரான வழி கிடையாது. ஏ-சீரிஸ் எஞ்சின் கழற்ற எளிது, பாகங்கள் இன்றைக்கும் புதிதாகவே வருகின்றன. மைனரின் உடல் பாகங்களில் இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு: இங்கிலாந்தின் பாத் நகரில் இருந்த மொரிஸ் மைனர் நிலையத்துக்காக 1990களில் இங்கேயே உடல் பாகங்கள் செய்து அனுப்பினார்கள்.

எஞ்சினைக் கழற்றியதும் அளக்கவேண்டியவை இரண்டு. ஒன்று சிலின்டர்: மேலே, நடுவே, கீழே என்று மூன்று மட்டத்தில், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும். மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 0.006 அங்குலத்தைத் தாண்டினால் புது ரிங் மட்டும் போட்டுத் தப்பப் பார்க்கவேண்டாம். ரிங் சில மாதம் நிற்கும், பிறகு பழையபடி புகைக்கும். 0.020 அல்லது 0.040 அங்குலம் கூடிய பிஸ்டன் எடுத்து, பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டுதான் லேத் பட்டறைக்குப் போகவேண்டும். போரைப் பிஸ்டனுக்குப் பொருத்துவதுதான் முறை. மற்றது கிறாங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு: ஷெல் எனும் பேரிங் ஓடுகள் அமரும் இடங்களில் முட்டை வடிவம் விழுந்திருந்தால் 0.010 அல்லது 0.020 அங்குலம் அரைத்து, அதே அளவு ஷெல் போடவேண்டும். முன்பே 0.040 வரை அரைத்த கிறாங்க் என்றால் வேறு தேடுங்கள்.

வடக்கிலிருந்து வாங்கும் வண்டிகளில் இரண்டு விஷயத்தைத் தனியாகக் கவனிக்கவேண்டும். 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒஸ்டின் ஏ40 கார்களும் மைனர்களும் பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டி இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கவைக்கும்; அதனால் ஷெல்லும் கிறாங்கும் தேயும். அந்தக் காலத்தில் ஓடிய எஞ்சின் வெளியே சுத்தமாக இருந்தாலும் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்பைக் கழற்றி, ஒரு ஷெல்லையாவது எடுத்துப் பார்க்காமல் விலை பேசக்கூடாது. அடுத்தது தண்ணீர். குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல் வழியாக வருகிற கடினநீர். அதை ரேடியேற்றரில் ஊற்றி ஊற்றி, பிளாக்கின் பின்பக்கத்தில் நாலாவது சிலின்டரைச் சுற்றிச் சேறும் சுண்ணாம்பும் கெட்டியாக இறுகியிருக்கும். பிளாக்கின் பக்கத்தில் தண்ணீர் வழியை மூடியிருக்கும் கோர் பிளக் எனும் தகட்டு மூடிகளைத் தட்டி எடுத்து, கம்பியால் கிண்டி, பைப் தண்ணீரை அடித்துக் கழுவுங்கள். போர் அடித்த எஞ்சின் ஏன் சூடேறுகிறது என்று தேர்மோஸ்ராட்டையும் வாட்டர் பம்பையும் மாற்றிக்கொண்டிருக்கிறவர்கள் பலர். குற்றம் பெரும்பாலும் இந்தச் சேற்றில்தான். திரும்ப நிரப்பும்போது மழைநீர் அல்லது பற்றரித் தண்ணீரில் கூலன்ற் கலந்து ஊற்றுங்கள்.

ஹெட்டில் ஒரு வேலை கட்டாயம். ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் நின்றுவிட்டது. பழைய ஹெட்டின் வார்ப்பிரும்பு இருக்கைகளில் எக்ஸோஸ்ட் வால்வ் சிறிது சிறிதாகப் புதையும். இடைவெளி குறைந்து, கடைசியில் வால்வ் மூடாமல் கருகும். பட்டறையில் ஹெட் இருக்கும்போதே நாலு எக்ஸோஸ்ட் இருக்கைக்கும் கடின உருக்கு வளையம் போட்டுவிடுங்கள். அதன் பிறகு 92 ஒக்டேன் பெற்றோலே போதும். வால்வ் இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம்.

பூட்டும்போது மெயின் பேரிங் 60 இறாத்தல்-அடி, பிக் எண்ட் 35, ஹெட் நட் 40. ஹெட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 20, 30, 40 என்று மூன்று சுற்றில் இறுக்குங்கள். 20-50 எண்ணெய், ஃபில்டருடன் சேர்த்து ஏறத்தாழ 3.7 லீற்றர். கழற்றிப் பூட்டிய ஏ-சீரிஸ் எண்ணெய்ப் பம்ப் வெறுமையாக இருந்தால் சம்பிலிருந்து எண்ணெயை இழுக்காது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஃபில்டர் பக்கத்துக் குழாய் வழியாக எண்ணெய் ஊற்றி, அழுத்தம் வரும்வரை ஸ்ராட்டரால் சுழற்றுங்கள். அழுத்தம் வராமல் எஞ்சினைக் கிளப்பினால் புது ஷெல் சில நிமிடத்தில் போய்விடும். சூடேறி ஓடும்போது 60 பி.எஸ்.ஐ., ஐடிலில் 15 பி.எஸ்.ஐ. இருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

ஒரு குறை எப்போதும் இருக்கும். இந்த எஞ்சினில் கிறாங்கின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. எண்ணெயைத் திருப்பி அனுப்பும் சுருள் வரி மட்டும்தான். ஆகவே பின்னால் கொஞ்சம் கசியும். அதிகமாகக் கசிந்து கிளட்ச் வழுக்கினால் ரிங் தேய்ந்து கிறாங்க் அறைக்குள் அழுத்தம் ஏறிவிட்டது என்று கொள்ளலாம். கஸ்கற் மாற்றிப் பயனில்லை.

803, 948 உள்ளவர்களுக்கு

இந்த இரண்டையும் போர் அடிக்க ஆகிற செலவும் 1098ஐப் போர் அடிக்க ஆகிற செலவும் கிட்டத்தட்ட ஒன்றே. அதனால் பிக்கப்பைச் சுமை ஏற்றவோ தூரம் போகவோ நினைத்தால் 1098 எஞ்சினும் வரிக் கியர்பொக்ஸும் ஒரு சோடியாகத் தேடுங்கள். அதே எஞ்சின் மவுண்ட், அதே ரேடியேற்றர், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. கிளட்ச் தட்டு 6¼ அங்குலத்திலிருந்து 7¼ ஆகிறது, அதனால் ஃபிளைவீலும் கிளட்ச்சும் எஞ்சினோடு சேர்ந்தே வரவேண்டும். 803 வண்டிகளில் கியர் கம்பம் நீளமானது. கபின் தரையிலுள்ள கியர்பொக்ஸ் மூடியையும் மாற்றவேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பூட்டுவதற்கு முன் அளந்துவிடுங்கள். 1098இன் பிஸ்டன் வீச்சு நீளமானது, கிறாங்க் அதே பழைய தடிப்பு. நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு மேலே துரத்துகிற எஞ்சின் இது இல்லை. பிக்கப்புக்கு அது தேவையுமில்லை.

பழைய வண்டியை அசல் நிலையில் காட்சிக்கு வைக்கிறவர்கள் 803ஐயே வைத்திருக்கட்டும். அதற்கு வேறு நியாயம் உண்டு, ஒப்பீடு தேவையில்லை.

1275

காகிதத்தில் பார்த்தால் ஆசை வரும். அதே குடும்பம், வெளித்தோற்றம் ஏறத்தாழ அதே, ஆனால் முறுக்குவிசை 60 இறாத்தல்-அடியிலிருந்து 70ஐ அண்டி ஏறுகிறது. பளையிலிருந்து சுமையோடு கிளம்பினாலும் மூன்றாம் கியருக்கு இறங்கவேண்டிய தேவை குறையும்.

எந்த 1275 என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மினியிலிருந்தும் 1300 கார்களிலிருந்தும் வருபவை குறுக்காக வைக்கும் எஞ்சின்கள். அவற்றின் கிறாங்கின் பின்முனையும் பிளாக்கின் பின்பக்கமும் வேறு. மைனர் கியர்பொக்ஸை ஏற்காது. சந்தையில் மலிவாகக் கிடைப்பது இதுதான், ஆகவே ஏமாறுகிறவர்களும் இதில்தான் ஏமாறுகிறார்கள். எம்.ஜி. மிட்ஜெட்டின் 1275 நேராக உட்காரும், ஆனால் இங்கே கிடைப்பது அருமை. மரீனா 1.3, ஐடல் 1.3 எஞ்சின்கள் உதவும்; ஆனால் சம்ப், எண்ணெய் உறிஞ்சும் குழாய், எஞ்சினின் பின்பக்கத் தகடு, ஃபிளைவீல் ஆகியவற்றை மிட்ஜெட் அல்லது மைனர் வகைக்கு மாற்றவேண்டும், முன்பக்கத் தகட்டுக்கு மைனருடையதைப் போடவேண்டும். இந்தச் சில்லறைச் சாமான்களின் விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டு எஞ்சினை வாங்குங்கள். பிளாக்கிலும் கவனம் வேண்டும்: 70.6 மில்லிமீற்றர் போர் என்பதால் சிலின்டர்களுக்கு இடையே இரும்பு மெலிது. ஏற்கெனவே 0.060 அங்குலம் போர் அடித்த பிளாக்கில் மேலும் அடிக்க இடமில்லை. இரண்டாம் மூன்றாம் சிலின்டருக்கு நடுவே ஹெட் கஸ்கற் போகும் நோயும் அதிகம்.

வழவழப்பான பழைய கியர்பொக்ஸில் 1275ஐ மாட்டினால் கியர்பொக்ஸ் போய்விடும், இதில் சந்தேகமே வேண்டாம். முதலாம் கியரின் பற்களும் லேஷாஃப்ட் பேரிங்கும்தான் முதலில் போகும். வரிக் கியர்பொக்ஸ் தாங்கும், நிதானமாகக் கிளட்ச் விடுகிறவர் கையில். அடுத்த பலவீனம் பின் ஆக்சிலுக்குள் சக்கரத்தைச் சுழற்றும் ஹாஃப் ஷாஃப்ட். பாரம் ஏற்றியபடி மேட்டில் சடுதியாகக் கிளம்பினால் முறியும்.

ஜப்பான் எஞ்சின்

நிசான் ஏ14, ஏ15 போன்றவை நல்ல எஞ்சின்கள். ஐந்து மெயின் பேரிங், அலுமினிய ஹெட், பின் சீல் உண்டு, நிசான் வனெற் வான்களால் நாடு முழுவதும் பாகங்கள் கிடைக்கும், சிலவற்றோடு ஐந்து கியரும் வரும். தினமும் ஓடுகிற வண்டிக்கு இதைவிட நம்பிக்கையான எஞ்சின் வேண்டியதில்லை. எஞ்சினைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் கிடையாது. என் கவலை அதை உட்காரவைக்க வெட்டுகிற இரும்பைப் பற்றியது.

மைனரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் இல்லை. ஒவ்வொரு முன்சக்கரத்தின் கீழ்க் கையிலிருந்தும் ஒரு டோர்ஷன் பார் பின்னோக்கி ஓடி, கபின் தரைக்கடியிலுள்ள நடுக் குறுக்குச் சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. வண்டியின் முன்பாரம் முழுவதும் அந்தக் கம்பிகளை முறுக்கிக்கொண்டே இருக்கும். அந்த முறுக்கை எதிர்த்து நிற்பது அந்த ஒரே சட்டம். ஜப்பான் கியர்பொக்ஸ் நீளமானது, வால்பகுதி நேரே அந்தச் சட்டத்தின்மேல் வந்து நிற்கும். முன்னுக்கு நகர்த்தினால் ரேடியேற்றர் தடுக்கும். எஞ்சினுக்குப் பின்னால் ஸ்ரியறிங் ராக் குறுக்கே கிடப்பதால் விருப்பம்போல் ஏற்றி இறக்கவும் முடியாது. ஆகவே பட்டறைகளில் சட்டத்தின் நடுவை காஸால் வெட்டிவிடுகிறார்கள். வண்டி ஓடும். சில மாதத்தில் ஒரு பக்கம் தாழும், பிறகு சட்டத்தின் முனையில் வெடிப்பு ஓடும், ஸ்ரியறிங் ஒரு பக்கமாக இழுக்கும்.

வெட்டியே ஆகவேண்டுமானால் முதலில் கீழ்க் கையை ஜாக்கில் தாங்கி, இரண்டு டோர்ஷன் பாரின் முறுக்கையும் முழுதாக விடுவியுங்கள். முறுக்கோடு போல்ற்றைக் கழற்றினால் அந்தக் கை அடிக்கிற அடியில் எலும்பு முறியும். வெட்டிய இடத்துக்குக் கீழாக வளைந்து போகும் ஒரு பாலத்தை 5 மில்லிமீற்றர் தகட்டில் பெட்டியாகச் செய்து, டோர்ஷன் பார் பூட்டும் இடங்களுக்கு உள்பக்கத்திலேயே இரு முனையையும் சேர்த்து வெல்ட் செய்யவேண்டும். இது அனுபவமுள்ள வெல்டரின் வேலை.

இது தவிர, மைனரின் கிளட்ச் கம்பியால் இயங்குவது. நிசானுக்கு ஹைட்ரோலிக் சிலின்டர் வைக்கவேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை வெட்டி, நிசான் யோக் சேர்த்து, பாலன்ஸ் பண்ணவேண்டும். பாலன்ஸ் பண்ணாவிட்டால் 60 கிலோமீற்றர் வேகத்தில் வண்டியின் தரை அதிரும். மைனரின் மின்சுற்றில் பற்றரியின் பொசிற்றிவ் முனை உடம்போடு சேர்ந்தது; நிசான் அல்டனேற்றருக்கு நெகற்றிவ் முனை உடம்பில் இருக்கவேண்டும். மறந்து பழையபடி பற்றரியை மாட்டினால் அல்டனேற்றரின் டயோட் உடனே எரிந்துவிடும்.

பிறேக்

எந்த எஞ்சின் என்றாலும் இதைத் தாண்டிப் போக முடியாது. முன் டிறம்மை அளந்து பாருங்கள். 7 அங்குலம் என்றால் 948க்கு அது போதுமானது, 1098க்கு 8 அங்குல டிறம்மும் அதன் பின்பக்கத் தகடும் வேண்டும். 1275க்கும் நிசானுக்கும் டிஸ்க் போடாமல் வீதியில் இறக்கக்கூடாது. மரீனாவின் முன்சக்கர அமைப்பு மைனரின் வழியில் வந்தது என்பதால் அதன் டிஸ்க்கைப் பொருத்துவது பழகிய வழி. டிஸ்க் போட்டதும் மாஸ்டர் சிலின்டருக்குள் இருக்கும் மிச்ச அழுத்த வால்வை எடுத்துவிடவேண்டும். அது டிறம்முக்கு உரியது. விட்டுவைத்தால் பாட் டிஸ்க்கை விடாமல் உரசிச் சூடேறும். மாஸ்டர் சிலின்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. கபின் கழன்றிருக்கும்போதே அதைப் புதுப்பித்துவிடுங்கள். ஒற்றைச் சுற்றுப் பிறேக் என்பதால் ஒரு குழாய் கசிந்தாலும் நாலு சக்கரமும் போய்விடும். பழைய உருக்குக் குழாய் ஒன்றையும் திரும்பப் பூட்டவேண்டாம்.

இதே நேரத்தில் முன்சக்கரம் திரும்பும் மூட்டான ட்ரனியனின் திருகுகளையும் பாருங்கள். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது திருகில் ஆட்டம் தெரிந்தால் மாற்றுங்கள். கிரீஸ் காணாத ட்ரனியனின் மரை தேய்ந்து விடுபட்டால் சக்கரம் மடிந்து படுத்துவிடும். 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, சக்கரத்தைத் தூக்கிய நிலையில், பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடிக்கவேண்டும்.

வேகத்தைப் பற்றி

எஞ்சினை மாற்றினால் வேகம் கூடும் என்று எதிர்பார்க்கிறவர்கள் ஆக்சிலைக் கணக்கில் எடுப்பதில்லை. 1098 காரின் ஆக்சில் விகிதம் 4.22, பிக்கப்பினது சுமைக்காக 4.55. 4.55இல், நாலாம் கியரில் நிமிடத்துக்கு 1,000 சுற்றுக்கு வேகம் மணிக்கு ஏறத்தாழ 24 கிலோமீற்றர். 80 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் 3,300 சுற்றில் ஓடும். பாரம் ஏற்றாமல் ஏ9 வீதியில் நீண்டதூரம் போகிறவருக்கு, 1098ஐ வைத்துக்கொண்டே கார் ஆக்சிலின் நடுப்பகுதியை மாற்றுவது 1275 தேடுவதைவிடச் செலவு குறைந்த நிவாரணம். சீமெந்து மூட்டை ஏற்றுகிறவர் 4.55ஐ விடக்கூடாது.

ஆக, 1098 கையில் இருந்தால் அதைப் புதுப்பியுங்கள். 948 என்றால் 1098 சோடி. வரிக் கியர்பொக்ஸும் டிஸ்க்கும் ஏற்கெனவே இருக்கிறவர் நேரான 1275 கிடைத்தால் எடுக்கலாம். பிளாக் வெடித்துப்போய், மாற்றுப் பிளாக்கும் கிடைக்காமல், வண்டி தினமும் உழைக்கவேண்டும் என்ற நிலையில் மட்டும் நிசான். குறுக்குச் சட்டத்தைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர் கிடைத்த பிறகு.

எஞ்சினை மாற்றுகிறவர்கள் புது எஞ்சின் எண்ணை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து பதிவுச் சான்றிதழைத் திருத்தவேண்டும். எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டையும், கழித்த வாகனத்தின் ஆவணப் பிரதியையும் வாங்கும் அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய எஞ்சினை இரும்புக் கடைக்குக் கொடுக்கவேண்டாம். பதிவிலிருந்த எண்ணோடு உள்ள எஞ்சின் இருந்தால் பிறகு வண்டியின் விலை கூடும். ஒவ்வொரு சிலின்டருக்குள்ளும் ஒரு மேசைக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு, கிறாங்கைக் கையால் நாலைந்து தரம் சுற்றி, பிளக்கைப் பூட்டி, காபரேற்றர் வாயையும் எக்ஸோஸ்ட் வாயையும் தடித்த துணியால் அடைத்து, பலகைமேல் நிமிர்த்தி வையுங்கள். மாரிக்கு முன் ஒருமுறை திரும்ப எண்ணெய் விட்டுச் சுற்றினால் போர் துருப்பிடிக்காது.